படத்தில் இணையாகத்தான் தெரிகிறது, விடை "இல்லை" என்கிறார்கள்: இணைகோடுகளும் கோணங்களும்

தாமரைக்குளம்

மகள் ஏழாம் வகுப்பு, தமிழ்வழி. போன வாரம் வகுப்புத் தேர்வில் ஒரு கணக்குக்கு மதிப்பெண் போய்விட்டது. இரண்டு நாளாக வீட்டில் இதே பேச்சு. எனக்கும் விளங்காததால் இங்கே கேட்கிறேன்.

அ, ஆ என்று ஒன்றின்கீழ் ஒன்றாக இரண்டு கோடுகள். இரண்டையும் வெட்டிக்கொண்டு சாய்வாக ஒரு குறுக்குவெட்டி. இரண்டு கோட்டுக்கும் நடுவில், குறுக்குவெட்டிக்கு வலப்பக்கம், மேலே 112°, கீழே 78°. "அ, ஆ இணைகோடுகளா? காரணம் தருக."

அவள் எழுதியது: "ஆம். ஒன்றுவிட்ட உட்கோணங்கள் சமம். எனவே இணைகோடுகள்." அதற்குப் பூஜ்யம்.

படத்தைப் பார்த்தால் ரயில் தண்டவாளம் மாதிரி நேராகத்தான் ஓடுகிறது. ஒன்றுவிட்ட உட்கோணங்கள் சமம் என்றுதானே புத்தகத்திலும் இருக்கிறது? கணக்கே தப்பா, இவள் எழுதியது தப்பா?

சாக்பீஸ்

கணக்கில் தப்பில்லை அம்மா. நல்ல கணக்கு. முப்பது வருஷம் கணக்குப் பாடம் எடுத்தவன் என்பதால் சொல்கிறேன், உங்கள் மகள் செய்த தப்பு ரொம்பப் பேர் செய்வது. அதை இந்த வயதிலேயே சரிசெய்துவிட்டால் பத்தாம் வகுப்பு வரை கவலையில்லை.

முதலில் எண்களைப் பார்ப்போம். ஒரு நேர்கோட்டின்மேல் அடுத்தடுத்து நிற்கும் இரண்டு கோணங்களைக் கூட்டினால் 180°. மேலே வலப்பக்கம் 112° என்றால் இடப்பக்கம் 68°. கீழே வலப்பக்கம் 78° என்றால் இடப்பக்கம் 102°. இப்போது ஒன்றுவிட்ட ஜோடிகளை எடுங்கள். மேல் வலது 112°, அதன் ஜோடி கீழ் இடது 102°. மேல் இடது 68°, அதன் ஜோடி கீழ் வலது 78°. இரண்டு ஜோடியிலும் 10° இடிக்கிறது. சமம் என்று அவள் எழுதினாளே தவிர, சமமா என்று பார்க்கவில்லை.

ஏன் பார்க்கவில்லை? "ஒன்றுவிட்ட கோணம்" என்ற பெயரைக் கேட்டதுமே "சமம்" என்ற சொல் தானாக வந்து ஒட்டிக்கொள்கிறது. அந்தப் பெயர் கோணம் நிற்கும் இடத்தைத்தான் சொல்கிறது, அளவைச் சொல்லவில்லை. எந்த இரண்டு கோட்டை ஒரு குறுக்குவெட்டி வெட்டினாலும் எட்டுக் கோணம் உண்டாகும். ஒத்த கோணங்கள் (இரண்டு வெட்டுமிடத்திலும் ஒரே மூலையில் நிற்பவை) நான்கு ஜோடி, ஒன்றுவிட்ட உட்கோணங்கள் இரண்டு ஜோடி, ஒன்றுவிட்ட வெளிக்கோணங்கள் இரண்டு ஜோடி என்று எல்லாம் இருக்கும். கோடுகள் கோணல்மாணலாக ஓடினாலும் இருக்கும். அவை சமமாவது கோடுகள் இணையாக இருந்தால் மட்டும்தான்.

இந்தக் கேள்வி அதைத் திருப்பிப் போட்டுக் கேட்கிறது. இணையா என்பதே தெரியாது, கோணத்தை வைத்துக் கண்டுபிடி என்கிறது. எதைக் கண்டுபிடிக்க வேண்டுமோ அதையே காரணமாக எழுதிவிட்டாள்.

படத்தை நம்பவே வேண்டாம். வடிவியல் படத்தில் நம்ப வேண்டியவை இரண்டு: எழுதியிருக்கும் எண், கோட்டின்மேல் போட்டிருக்கும் அம்புக்குறி. அம்புக்குறி இல்லாத கோடு, கண்ணுக்கு எவ்வளவு இணையாகத் தெரிந்தாலும், இணை என்று எடுத்துக்கொள்ள உரிமையில்லை.

டியூஷன் மாடி

சார் சொன்னது சரி. ஆனாலும் பிள்ளைகளுக்கு இவ்வளவு வேண்டாம் என்பது என் கருத்து. நான் எழுத்தை வைத்துத்தான் சொல்லிக்கொடுப்பேன். எஃப் வடிவம் தெரிந்தால் ஒத்த கோணம், சமம். இசட் வடிவம் என்றால் ஒன்றுவிட்ட உட்கோணம், சமம். சி வடிவம் என்றால் ஒரே பக்க உட்கோணங்கள், கூட்டினால் 180°. மூன்றே எழுத்து. தேர்வில் அரை நிமிஷத்தில் விடை வந்துவிடும்.

சாக்பீஸ்

எழுத்து வேண்டாம் என்று சொல்லவில்லை, நானும் சொல்லிக்கொடுத்ததுண்டு. இந்தப் பிள்ளை இசட்டைச் சரியாகத்தான் கண்டுபிடித்திருக்கிறாள் பாருங்கள். இசட் கிடைத்தது, சமம் என்று எழுதிவிட்டாள். எழுத்து அவளை அங்கேதான் கொண்டுபோய் விட்டது. இசட்டின் மேல்கோடும் கீழ்கோடும் இணையா என்று அந்த எழுத்து கேட்பதே இல்லை.

இன்னொன்று. படத்தைச் சாய்த்துப் போட்டால், அல்லது இரண்டு குறுக்குவெட்டி இருந்தால், பிள்ளை இசட்டைத் தேடித் தவிக்கும். எந்தக் கோட்டை விட்டுவிட்டு எதைப் பார்ப்பது என்று தெரியாது. அப்போது கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: இந்த இரண்டு கோணத்துக்கும் பொதுவாக ஓடும் கோடு எது? அதுதான் குறுக்குவெட்டி. மீதி இரண்டு கைகளும் இணையா என்று பார்த்தால் போதும்.

வடமராட்சி

இடையில் புகுந்ததற்கு மன்னிக்கவும். எங்கட இலங்கைப் பாடப்புத்தகத்தில் இதே பாடம் வேறு சொற்களில் இருக்கு. இணைகோடுகளை நாங்கள் சமாந்தரக் கோடுகள் என்போம். குறுக்குவெட்டிக்குக் குறுக்கோடி. நீங்கள் "குறுக்குவெட்டிக்கு ஒரே பக்கம் அமைந்த உட்கோணங்கள்" என்று நீட்டிச் சொல்கிறதுக்கு எங்களிட்ட ஒரே சொல்தான்: நேயக் கோணங்கள். ஒத்த கோணத்துக்கும் குத்தெதிர்க் கோணத்துக்கும் (இரண்டு கோடு வெட்டும் இடத்தில் நேரெதிரே இருக்கிறவை) உங்கட பக்கமும் எங்கட பக்கமும் ஒரே சொல்தான். தேடும்போது இரண்டு சொல்லையும் போட்டுத் தேடினால் கூடுதலாகப் பயிற்சிக் கணக்குகள் கிடைக்கும்.

எனக்கு ஒரு சந்தேகமும் இருக்கு. "ஒன்றுவிட்ட" என்றால் எதை விட்டது? ஒன்றுவிட்ட அண்ணன் என்கிறமே, அந்த ஒன்றுவிட்டவா?

சாக்பீஸ்

அருமையான கேள்வி. என் வகுப்பில் ஒரு பையன் இதையே கேட்டிருக்கிறான்.

இரண்டு கோட்டுக்கும் நடுவில் நான்கு உட்கோணங்கள். ஒன்றிலிருந்து தொடங்கிச் சுற்றி வாருங்கள்: மேல் இடது, மேல் வலது, கீழ் வலது, கீழ் இடது. மேல் இடதில் நின்றுகொண்டு, அடுத்ததை விட்டுவிட்டு அதற்கடுத்ததைத் தொட்டால் கீழ் வலது. ஒன்றை விட்டு அடுத்தது. "ஒருநாள் விட்டு ஒருநாள்" என்கிறோமே, அதே விட்டதுதான். எந்தத் திசையில் சுற்றினாலும் ஒன்றைத் தாண்டினால் அதே கோணத்துக்குத்தான் வருவீர்கள். தாண்டாமல் பக்கத்துக் கோணத்தை எடுத்தால் 180° கணக்கு: அது ஒரே கோட்டின்மேல் இருந்தால் கட்டாயம் 180°, கீழ்க்கோட்டில் இருந்தால் இணையாக இருக்கும்போது மட்டும் 180°.

உளியும் மரமும்

நான் கணக்கு வாத்தியார் இல்லை, மரவேலை செய்பவன். ஆனால் இந்தப் பாடத்தைக் கையால் தினமும் செய்கிறேன், அதனால் எழுதுகிறேன்.

பலகையில் இணையாகக் கோடு போட நாங்கள் என்ன செய்வோம்? மூலைமட்டத்தின் கட்டையைப் பலகை விளிம்பில் ஒட்டிவைத்து ஒரு கோடு கீறுவோம். விளிம்பை விட்டு எடுக்காமல் அப்படியே நகர்த்தி அடுத்த கோடு. இரண்டும் இணை. ஏன்? பலகை விளிம்புதான் குறுக்குவெட்டி. இரண்டு இடத்திலும் விளிம்போடு அதே கோணம். அதாவது ஒத்த கோணங்கள் சமம், ஆகவே கோடுகள் இணை. சாய்ந்த கோடு வேண்டுமென்றால், கோணத்தை வைத்துத் திருகி இறுக்கிக்கொள்ளும் மட்டத்தை எடுத்து அதே மாதிரி நகர்த்துவோம்.

தொழில் பழகிய புதிதில் ஒரு ஜன்னலுக்குச் சாய்பலகை அடிக்க 60° வைத்துக் குறித்தேன். பாதி வேலையில் மட்டத்தைப் புரட்டிப் பிடித்துவிட்டேன். கோணம் அதே 60°தான், ஆனால் விளிம்பின் மற்றப் பக்கமாகப் பார்க்கிறது. ஏழு பலகைக்குக் குறித்த கோடு அத்தனையும் எதிர்ச்சாய்வு. மேஸ்திரி திட்டவில்லை. மட்டத்தைக் கையில் கொடுத்து, "எண் சரியா இருந்தா போதாது, எந்தப் பக்கம் பாக்குதுன்னு பாரு" என்றார். முதல் கோட்டில் 60° இருக்கிற பக்கத்தில் இரண்டாவது கோட்டில் 120° வந்துவிட்டது. ஒத்த இடத்தில் 60-க்கு எதிரே 120 இருந்தால் எப்படி இணையாகும்?

பலகை விளிம்பு வளைந்திருந்தாலும் வேலை கெட்டது. குறுக்குவெட்டி நேராக இருக்கவேண்டும் என்பதைப் புத்தகத்தில் யாரும் அழுத்திச் சொல்வதில்லை.

சாக்பீஸ்

ஐயா, உங்கள் பதிவை அப்படியே வகுப்பில் வாசிக்கலாம். தாமரைக்குளம் அம்மா, உங்கள் மகளின் பெட்டியில் இரண்டு மூலைமட்டம் இருக்கும். ஸ்கேலை அசையாமல் பிடித்து, அதன் ஓரமாக மூலைமட்டத்தை நகர்த்தி இணைகோடு வரைவதை அவள் செய்திருப்பாள். அப்போது ஸ்கேல்தான் குறுக்குவெட்டி என்று சொல்லிப் பாருங்கள். வரைந்து பழகியதற்கும் படித்த விதிக்கும் உள்ள தொடர்பு பெரும்பாலான பிள்ளைகளுக்குத் தெரியாமலே போகிறது.

கோடு போட்ட நோட்டு இன்னும் எளிது. அச்சடித்த கோடுகள் எல்லாம் இணை. குறுக்கே சாய்வாக ஒரு கோடு இழுத்து, ஐந்தாறு இடத்தில் கோணமானி வைத்து அளக்கச் சொல்லுங்கள். எல்லா இடத்திலும் இரண்டே எண்தான் வரும், அந்த இரண்டின் கூட்டுத்தொகை 180. எட்டுக் கோணத்தில் ஒன்று தெரிந்தால் மீதி ஏழும் கைக்கு வந்துவிடும் என்பது அங்கே விளங்கும்.

ஐந்தாம் எடுகோள்

கல்லூரியில் கணிதம் படிக்கிறேன். எனக்குப் பிடித்த இடத்துக்கு இழை வந்திருக்கிறது.

"இணை என்றால் கோணம் சமம்", "கோணம் சமம் என்றால் இணை" என்ற இரண்டும் பள்ளியில் ஒரே மூச்சில் சொல்லப்படுகின்றன. கி.மு. 300 வாக்கில் எழுதிய யூக்ளிட் இவற்றைத் தனித்தனித் தேற்றங்களாக வைத்தார். அவருடைய முதல் நூலில் 27-ஆவது தேற்றம்: ஒன்றுவிட்ட கோணங்கள் சமம் என்றால் கோடுகள் இணை. 29-ஆவது தேற்றம்: கோடுகள் இணை என்றால் ஒன்றுவிட்ட கோணங்கள் சமம்.

27-ஐ நிறுவுவது எளிது. கோடுகள் இணை இல்லை, ஏதோ ஒரு பக்கம் சந்திக்கின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள். குறுக்குவெட்டியோடு சேர்ந்து ஒரு முக்கோணம் உண்டாகும். சமம் என்று சொன்ன ஜோடியில் ஒன்று அந்த முக்கோணத்தின் வெளிக்கோணம், மற்றது உள்ளெதிர்க் கோணம், அதாவது அந்த வெளிக்கோணத்தை ஒட்டாமல் முக்கோணத்துக்குள் இருக்கும் கோணம். வெளிக்கோணம் எப்போதும் உள்ளெதிர்க் கோணத்தைவிடப் பெரிது. சமமாக இருக்க வழியே இல்லை. ஆக, கோடுகள் சந்திக்கவில்லை.

29-க்கு இந்த வழி போதவில்லை. அங்கேதான் யூக்ளிட் தன் ஐந்தாவது எடுகோளை (நிறுவாமலே உண்மை என்று வைத்துக்கொண்ட கூற்றை) முதல்முறையாகக் கையில் எடுக்கிறார்: குறுக்குவெட்டியின் ஒரு பக்கத்து உட்கோணங்களின் கூட்டுத்தொகை இரண்டு செங்கோணத்துக்குக் குறைவாக இருந்தால், கோடுகளை நீட்டும்போது அந்தப் பக்கத்தில் அவை சந்திக்கும். இதை எடுகோளாக வைக்காமல் நிறுவிவிடலாம் என்று இரண்டாயிரம் ஆண்டுக்கு மேல் முயன்றார்கள். முடியவில்லை. 1829-இல் லோபச்செவ்ஸ்கியும் 1832-இல் போயாயியும் அந்த எடுகோள் இல்லாத வேறொரு வடிவியலை வெளியிட்ட பிறகுதான் ஏன் முடியவில்லை என்பது தெளிவானது. ஏழாம் வகுப்பில் ஒரு வரியாக வரும் விதிக்கு இவ்வளவு பெரிய கதை!

இதை ஏன் சொல்கிறேன் என்றால், அக்காவின் கணக்கு நேராக ஐந்தாவது எடுகோளேதான். வலப்பக்கம் 112 + 78 = 190. இடப்பக்கம் 68 + 102 = 170. 180-க்குக் குறைவு. எனவே அந்தக் கோடுகள் இடப்பக்கம் சந்திக்கும். சந்திக்கும் இடத்தில் உண்டாகும் கோணம் 10°. "இணை இல்லை" என்பதோடு எந்தப் பக்கம் சந்திக்கும் என்பதையும் அந்த இரண்டு எண்களே சொல்லிவிடுகின்றன.

வரைந்தும் பார்க்கலாம். இரண்டு கோட்டுக்கும் நடுவே குறுக்குவெட்டியின் நீளம் 3 செ.மீ. என்று வைத்து, 112°, 78° அளந்து வரையச் சொல்லுங்கள். மேல்கோட்டை இடப்பக்கம் கிட்டத்தட்ட 16.9 செ.மீ., கீழ்க்கோட்டை 16 செ.மீ. நீட்டினால் சந்திக்கவேண்டும். முழுத்தாளில் அடங்கும்.

டியூஷன் மாடி

அப்படியானால் எங்கே தொடங்குவது? என்.சி.இ.ஆர்.டி.யின் பழைய ஒன்பதாம் வகுப்பு நூலில் ஒத்த கோணங்கள் சமம் என்பதை நிறுவாமல் அடிப்படை உண்மையாக வைத்துக்கொண்டு, மற்றதையெல்லாம் அதிலிருந்து கொண்டுவந்தார்கள். யூக்ளிட் ஒரே பக்க உட்கோணங்களில் தொடங்குகிறார். பிள்ளைக்கு எது நல்லது?

சாக்பீஸ்

ஒத்த கோணத்தில் தொடங்குவதுதான் நல்லது என்பேன். நகர்த்திப் பார்க்கலாம், கண்ணுக்குத் தெரியும். அதோடு குத்தெதிர்க் கோணம் சமம் என்பதைச் சேர்த்தால் ஒன்றுவிட்டது வந்துவிடும். நேர்கோட்டில் 180° என்பதைச் சேர்த்தால் ஒரே பக்க உட்கோணம் வந்துவிடும். ஒன்றைப் பிடித்துக்கொண்டால் மற்ற இரண்டையும் மனப்பாடம் செய்யத் தேவையே இல்லை. தேர்வில் மறந்தாலும் அங்கேயே உட்கார்ந்து வரவழைத்துக்கொள்ளலாம். நீங்கள் சொல்லும் மூன்று எழுத்தில் ஒன்று மறந்தால் மறந்ததுதான். அதனால்தான் எனக்கு மனத்தாங்கல்.

டியூஷன் மாடி

ஏற்றுக்கொள்கிறேன் சார். எழுத்தைக் கடைசியில் வைத்துக்கொள்கிறேன்.

நிழல் பார்ப்பவன்

பிள்ளைக்கு ஆர்வம் வர ஒன்று சொல்லலாமா? பூமியின் சுற்றளவை முதலில் அளந்தது ஒன்றுவிட்ட கோணத்தை வைத்துத்தான். கி.மு. மூன்றாம் நூற்றாண்டில், அலெக்சாந்திரியா நூலகத்தின் தலைவராக இருந்த எரட்டோஸ்தெனிஸ் செய்தது. எகிப்தின் தெற்கே சையீன் என்ற ஊரில், இன்றைய அஸ்வான், வருஷத்தில் மிக நீண்ட பகல் கொண்ட நாளின் உச்சிவேளையில் சூரியன் நேர்மேலே நிற்கும். அதே வேளையில் வடக்கே அலெக்சாந்திரியாவில் நிழல் விழும். அங்கே கதிரின் சாய்வு வட்டத்தில் ஐம்பதில் ஒரு பங்கு, அதாவது 7.2°.

சூரியன் மிகத் தொலைவில் இருப்பதால் கதிர்கள் இணைகோடுகள். அலெக்சாந்திரியாவில் நட்ட கம்பைப் பூமியின் மையம்வரை நீட்டினால் அது குறுக்குவெட்டி. கம்பின் நுனியில் 7.2° என்றால் மையத்திலும் 7.2°, ஒன்றுவிட்ட கோணம். ஆக, இரண்டு ஊருக்கும் உள்ள தூரத்தைப்போல் ஐம்பது மடங்கு பூமியின் சுற்றளவு. தூரம் 5,000 ஸ்டேடியா (அந்தக் காலத்துக் கிரேக்க நீள அளவு), சுற்றளவு 2,50,000 ஸ்டேடியா.

நம் ஊரிலும் இதைச் செய்யலாம். கன்னியாகுமரியின் அட்சரேகை 8.08°, சென்னை 13.08°. இடைவெளி சரியாக 5°. ஏப்ரல் இரண்டாம் வாரத்தில் ஒருநாள் கன்னியாகுமரியில் உச்சிவேளையில் நட்ட கம்புக்கு நிழலே இருக்காது. அன்றைக்குச் சென்னையில் 1 மீட்டர் கம்பின் மிகக் குறைந்த நிழல் ஏறக்குறைய 8.7 செ.மீ. வரும், அது 5° சாய்வு. 360-இல் 5 என்றால் 72-இல் ஒரு பங்கு. தெற்கு வடக்காக மட்டும் எடுத்தால் தூரம் ஏறத்தாழ 555 கி.மீ. 72-ஆல் பெருக்கினால் 39,960 கி.மீ. பேருந்து போகும் தூரத்தை எடுத்துவிடாதீர்கள், சாலை கிழக்கும் மேற்குமாக வளைந்து போவதால் கணக்கு கெட்டுவிடும்.

வடமராட்சி

பூமி என்றதும் ஒன்று இடிக்குது. உலக உருண்டையில் இரண்டு தீர்க்கரேகைகளை எடுங்கோ. இரண்டும் நிலநடுக்கோட்டை 90°-இல் வெட்டும். 90 + 90 = 180, நேயக் கோணங்கள் சரி. ஆனால் இரண்டும் போய்த் துருவத்தில் சந்திக்குதே?

ஐந்தாம் எடுகோள்

சரியான இடத்தில் பிடித்தீர்கள் அண்ணா. உருண்டையின்மேல் 27-ஆவது தேற்றமே நிற்காது. வெளிக்கோணம் பெரிது என்று சொன்னேனே, அந்த முக்கோணத்தைப் பாருங்கள்: அடியில் இரண்டு செங்கோணம், வெளிக்கோணமும் 90°, உள்ளெதிர்க் கோணமும் 90°. நாம் பேசுகிற விதிகள் எல்லாம் தட்டையான தளத்துக்கு. நோட்டுத்தாள் தட்டை என்பதால் தேர்வுக்குப் பயமில்லை.

தாமரைக்குளம்

எல்லோருக்கும் நன்றி. நேற்று இரவு பத்தரை வரை மகள் உட்கார்ந்து வரைந்தாள். 3 செ.மீ. வைத்து, 112°, 78° அளந்து, இடப்பக்கம் நீட்டினோம். சந்தித்தது! அந்தப் புள்ளியைப் பார்த்ததும் அவள் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். ஆனால் மேல்கோட்டில் 16.9 வரவில்லை, பதினேழே முக்கால் வந்தது. எங்கே தப்பு செய்தோம்?

ஐந்தாம் எடுகோள்

தப்பே இல்லை அக்கா. நுனிக்கோணம் 10°-க்குப் பதில் 9.5° ஆகியிருந்தால் அந்த நீளம் 17.8 வரும். கோணமானியில் அரை டிகிரி விலகுவது சாதாரணம். கோடுகள் இணைக்கு நெருங்க நெருங்க, கோணத்தில் துளி மாறினாலும் சந்திக்கும் புள்ளி வெகுதூரம் ஓடிவிடும். 1° மட்டும் வித்தியாசம் இருந்திருந்தால் சந்திக்கும் இடம் ஒன்றரை மீட்டருக்கு மேல் தள்ளிப் போயிருக்கும். கண்ணால் பார்த்து "இணை" என்று சொல்லக்கூடாது என்பது அதனால்தான்.

சாக்பீஸ்

மகளுக்கு ஒரு கணக்கு தருகிறேன். மேலே ஓர் இணைகோடு, கீழே ஓர் இணைகோடு, இந்தமுறை அம்புக்குறி உண்டு. மேல்கோட்டின் ஒரு புள்ளியிலிருந்து வலப்பக்கமாகக் கீழே இறங்கும் கோடு, மேல்கோட்டோடு 35°. கீழ்க்கோட்டின் ஒரு புள்ளியிலிருந்து வலப்பக்கமாக மேலே ஏறும் கோடு, கீழ்க்கோட்டோடு 50°. இரண்டும் நடுவில் ஒரு புள்ளியில் முட்டுகின்றன, வலப்பக்கம் பார்த்த அம்பு நுனி மாதிரி. அந்த நுனிக்கோணம் எவ்வளவு? குறிப்பு: நுனி வழியாக மூன்றாவதாக ஓர் இணைகோடு வரையச் சொல்லுங்கள்.

தாமரைக்குளம்

சார், 85° என்று சொல்லிவிட்டாள். ஆனால் நீங்கள் சொன்ன மூன்றாவது கோட்டை வரையவில்லை. மேலிருந்து இறங்கும் கோட்டையே நீட்டி, கீழ்க்கோட்டில் முட்டவிட்டாள். முட்டிய இடத்தில் 35°, "ஒன்றுவிட்ட உட்கோணம், அம்புக்குறி இருக்கு, அதனால சமம்" என்று எழுதியிருக்கிறாள். அங்கே ஒரு முக்கோணம் கிடைத்தது, அதில் 35°-உம் 50°-உம் இருக்கின்றன, நுனிக்கோணம் அதன் வெளிக்கோணம். கூட்டினால் 85°. இதுவும் சரிதானே?

சாக்பீஸ்

முழுச்சரி. என் வழியைவிட இது எனக்குப் பிடித்திருக்கிறது. "அம்புக்குறி இருக்கு" என்று எழுதினாளே, அந்த வரிக்கு மட்டும் தனியாக ஒரு மதிப்பெண் போடுவேன்.